கம்முனு இருக்கிற சீக்கு

சீக்காளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஓடுகிறவனைப் பிடித்துவிடலாம், கத்துகிறவனை அடக்கிவிடலாம், கடிக்கிறவனிடமிருந்து கையை இழுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே செய்யாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது என்பதுதான் எங்கள் தொழில். வாய் திறக்காத ஒரு மனிதருக்கு முன்னால் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி கை மரத்துப் போனவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் இல்லாவிட்டால் வீட்டில். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், நாலு நல்ல வார்த்தை சொல்லி எழுப்பக் கூடாதா என்று கேட்பார்கள். அந்த நாலு வார்த்தையையும் நாங்கள் தினம் இரண்டு வேளை சொன்னோம்.

நான் வேலை பார்த்த இடம் தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி போகிற சாலையில், புளியமரங்களுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு பழைய பங்களா. ஆண்களுக்குப் பத்துக் கட்டில், பெண்களுக்கு ஆறு. பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் நடத்தினார். வேறெங்கும் சரியாகாதவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்ப்பார். அவர் அந்த நோயை மெலங்கோலியா என்பார். சுற்றுப்பக்கத்து ஜனங்கள் 'கம்முனு இருக்கிற சீக்கு' என்பார்கள். இரண்டில் பின்னதுதான் கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்.

குரலுக்குக் கிடைத்த வேலை

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டாக்டர் என்னை அறைக் கோடியில் நிற்கவைத்து, "என்னைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. "இங்கே சத்தமில்லாத ஆள்தான் வேண்டும், நாளை முதல் வா" என்று சொல்லிவிட்டார். தாத்தா பாட்டியிடம் கதை கேட்டே வளர்ந்தவன் நான்; கேட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளைக்குக் குரல் வளருவதில்லை போலும். அந்தக் குறையால் வேலை கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு மேலாள் அந்தோணியண்ணன். முன்பு சேலத்தில் ஜெயில் வார்டராக இருந்தவர். முதல் நாள் என்னைக் கட்டில் கட்டிலாக அழைத்துப் போய், யார் சாப்பிடுவார், யாருக்கு ஊட்ட வேண்டும், யாரைக் கிணற்றுப் பக்கம் தனியே விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்கதவு திறந்தே கிடந்தது. பூட்ட வேண்டாமா என்று கேட்டேன். அவர் கதவை ஒரு பார்வை பார்த்தார்.

"ஜெயில்ல இருக்கறவன் எப்படா வெளிய போவலாம்னு பார்ப்பான், அதனால பூட்டு. இங்க தெறந்து போட்டாலும் ஒருத்தனும் போவ மாட்டான் தம்பி. அதாண்டா எனக்கு பயமா இருக்குது."

பித்தான் வைத்த வெள்ளைச் சட்டை

மாதப்பன் வந்தது ஒரு கார்த்திகை மாதம். யுத்தத்துக்காகச் சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டதால், பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து நாள் முழுக்க மாட்டு வண்டியில் வந்திருந்தார்கள். நாற்பது வயசு இருக்கும். ஆளைத் தூக்கித்தான் இறக்கினோம். கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. நடக்க வேண்டும் என்ற நினைப்புத்தான் இல்லை. கூட வந்தவர் அவர் மனைவி கெம்பம்மா. எதனால் இப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். "போன வருசம் வெள்ளாமை நல்லா வந்துச்சுங்க. களத்துல ராகி குமிஞ்சு கெடந்துச்சு. அதப் பார்த்துக்கிட்டே உக்காந்தாருங்க. அப்புறம் எந்திரிக்கல" என்றார் அவர். தீர்த்தமலையில் ஒரு மண்டலம் தங்கி, எல்லாத் தீர்த்தத்திலும் முழுக்காட்டியிருக்கிறார். மந்திரக்காரன் ஒருவன் வேப்பிலையால் அடித்திருக்கிறான். கடைசியில் இங்கே. கிளம்பும்போது டாக்டரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஆடிக்குள்ள இவரு வந்து ஏர் புடிக்கணுங்க. ஏர் ஓடாத நெலத்த ஆடி கழிஞ்சா நான் எடுத்துக்குவேன்னு கொழுந்தனாரு ஊர் முன்னால சொல்லிட்டாரு. ரெண்டு ஏக்கராதான். அதுவும் போனா நாங்க இல்லைங்க."

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. முதலில் குளிப்பாட்ட வேண்டும். பிறகு உடம்பில் கயிறு என்று எது இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். முன்பு ஒருவர் தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்ததிலிருந்து டாக்டர் வைத்த சட்டம் அது. பிறகு பங்களா உடுப்பு: புது வெள்ளைத் துணியில், நாடா இல்லாமல் பித்தான் வைத்துத் தைத்த சட்டையும் கால்சராயும். அதுவரை வந்தவர்கள் பெரும்பாலும் டவுன்காரர்கள். வெள்ளி அரைஞாணைக் கொக்கி கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். மாதப்பனுடையது கறுப்புக் கயிறு. வருஷக்கணக்காக வியர்வையிலும் தண்ணீரிலும் இறுகிய முடிச்சு. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அவிழவில்லை. வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. அந்தோணியண்ணன் என்னைக் கூப்பிட்டார். கத்தரிக்கோலை எடுத்து அறுத்துவிட்டேன்.

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர், அறுந்து விழுந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

"நல்லாச் செஞ்ச தம்பி. யாராச்சும் செய்வாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

குழாய்

மறுநாளிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் பிடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். பல்லைக் கடிப்பார்கள், தலையைத் திருப்புவார்கள். இவர் எதுவும் செய்யவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் கஞ்சி வழிந்து கழுத்துக்குப் போகும். அதைத் துடைக்கவும் மாட்டார். நான்காம் நாள் டாக்டர் ரப்பர் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாயை விட்டு, பாலும் முட்டையும் கலந்து புனலில் ஊற்றுவோம். இருவர் தோளைப் பிடிக்க வேண்டும். மாதப்பனுக்குப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. படுத்த வாக்கில் கிடந்தார். கண் ஓரத்தில் மட்டும் தண்ணீர் வந்தது. அது குழாயால் வருகிற தண்ணீர் என்று அந்தோணியண்ணன் சொன்னார். அப்படித்தான் இருக்கும்.

ஒரு வாரம் போனபின், குழாயை உருவிக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். கோபமில்லை. விவரம் தெரியாத பையனுக்கு எடுத்துச் சொல்வது மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"வாய்க்கரிசிய ஒரு தடவைதான் போடுவாங்க தம்பி. நீங்க தெனமும் போடுறீங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிப்பாட்டி, அரைஞாணை அறுத்து, புது வெள்ளைத் துணி போர்த்தி, படுக்கவைத்தது. நம் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு இந்த நாலும் இதே வரிசையில் ஒரே ஒரு நாள்தான் நடக்கும். டாக்டர் மங்களூர்ப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். நம் ஊர்ச் சாவை அவர் கிட்ட நின்று பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா இறந்து அவருக்கு அரைஞாண் அறுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். பெண்கள் பகுதியில் சேர்க்கும்போது தாலிக் கயிற்றில் கை வைக்க மாட்டேன் என்று ஆயம்மா ரோசம்மா முதல் நாளே டாக்டரிடம் சொல்லி, சட்டத்தை மாற்றவைத்திருந்தார். அவரைப் போல எனக்கு வாய் வரவில்லை. கத்தரிக்கோல் வந்தது. தெரிந்த பிறகும் நாலு நாள் டாக்டரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இங்கே எழுதுவதுகூட எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது.

கெம்பம்மாவின் கேள்வி

ஐந்தாம் நாள் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று. கெம்பம்மா களியும் கீரைக் கடைசலும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் மாதப்பனைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். சட்டை மேலேறி இடுப்பு தெரிந்தது. அவர் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, இடுப்பைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. "யாரு?" என்றார். நான்தான் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

அந்தோணியண்ணன் ஓடி வந்தார். "கயிறுதானேம்மா. இதுக்குப் போயி. பையன் சட்டப்படி பண்ணிட்டான். சந்தையில வேற ஒண்ணு வாங்கிக் கட்டுனா ஆச்சு" என்றார். சத்தம் கேட்டு டாக்டரும் வந்தார். விஷயத்தை நான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இது என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். கெம்பம்மா முந்தானைக்குள்ளிருந்து தன் தாலிக் கயிற்றை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இத அறுக்கறதுன்னா யோசிச்சிருப்பீங்க இல்லைங்களா? அது அறுந்தா இது எதுக்குங்க சாமி எங்கிட்ட இருக்குது?"

சந்தைக் கயிறு

மறுநாள் பாப்பாரப்பட்டிச் சந்தையில் கறுப்புக் கயிறு வாங்கி, கோயிலில் வைத்து எடுத்து வந்தார் கெம்பம்மா. கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அவரே கட்டினார். அவசரத்தில் யாரும் அவிழ்க்க முடியாதபடி மூன்று முடிச்சு. டாக்டர் வாசற்படியில் நின்று பார்த்தார். சட்டத்தை அன்றே மாற்றிவிட்டார். நாங்கள் எல்லோரும் மாதப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கெம்பம்மா ஒரு விள்ளல் களியை எடுத்து நீட்டினார்.

எனக்கு உள்ளுக்குள் அப்போதே எல்லாம் சரியாகிவிட்டது. கதைகளில் அப்படித்தான் நடக்கும். எடுத்ததைத் திருப்பி வைத்தால் கல் மறுபடி ராஜகுமாரன் ஆகிவிடும். மாதப்பன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இரக்கப்பட்ட மாதிரி மனைவியின் தலையில் கை வைத்தார்.

"பாடைக்கு மாலை போடுவாங்க கெம்பி. அதுக்காகப் பொணம் கல்யாண மாப்பிள்ளையா ஆயிடாது."

தையில் விதைத்த சாமை

மாதப்பனுக்கு அடுத்த கட்டிலில் அரூர்ப் பக்கத்து போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். ரிட்டயர் ஆனவர். மூன்று வருஷமாக எங்களோடு. இந்த நோயில் சிலருக்குக் காலை ஒரு விதம், மாலை ஒரு விதம். காலையில் கண் விழித்ததும் "இன்னைக்கும் விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பிப்பார். பொழுது சாயச் சாய வாய் வந்துவிடும். அந்தி நேரத்தில் எங்கள் எல்லோரையும் கேலி செய்வார். அந்தோணியண்ணனுக்கு 'ஜெயிலர் துரை' என்றும் எனக்கு 'மூச்சுக்காற்று' என்றும் பெயர் வைத்தவர் அவர்தான்.

மாலையில் மாதப்பனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு உட்காரும் நேரத்தில் நான் கதை சொல்வேன். கேட்கிறவர் 'ம்' போட்டால்தான் கதை நகரும் என்று எங்கள் வீட்டில் பழக்கம். மாதப்பன் போட மாட்டார். அவருக்காக போஸ்ட்மாஸ்டர் போடுவார். ஒரு நாள், நிழல் ஓடிப்போன குடியானவன் கதை. நிழல் இல்லாதவனை ஊரில் யாரும் சேர்க்கவில்லை. அவன் மனைவி, உழுது விதைத்தால் நிழல் பசிக்குத் திரும்பி வரும் என்கிறாள். "சரி என்று அவன் தை மாசத்தில் ஏர் கட்டி, சாமை விதைத்தான்" என்றேன். போஸ்ட்மாஸ்டர் 'ம்' போட்டார். நான் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். மாதப்பன் படுத்திருந்த கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "தையில சாமை எவன் வெதைப்பான்? அப்ப அறுத்துத் தின்னு முடிச்சிருப்பாங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நான் விவசாயம் தெரியாத வீட்டுப் பிள்ளை. மாசத்தை வாய்க்கு வந்தபடி சொன்னேன், அவ்வளவுதான். "அப்போ எப்போ விதைக்கணும்ங்க?" என்று கேட்டேன். முகம் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. கஞ்சியையும் தொடவில்லை. ஆனால் போஸ்ட்மாஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஜெயிலர் துரையைக் கூப்பிடு மூச்சுக்காற்று. செத்தவருக்குச் சாமை வெதைக்கிற மாசம் ஞாபகம் இருக்கு."

ஊசி

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் குழாய்தான். பங்குனியில் ஆள் எலும்பாகிவிட்டார். குழாய் போட்டுப் போட்டு மூக்கு புண்ணாகி, உள்ளே வீங்கிவிட்டது. டாக்டர் கெம்பம்மாவை வரவழைத்து, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். "பெங்களூரிலிருந்து ஒரு ஊசி மருந்து வரும். போட்டால் வலிப்பு வரும். வலிப்பு நின்ற பிறகு சிலருக்கு மனம் தெளிகிறது. ஏன் தெளிகிறது என்று எனக்குத் தெரியாது, அம்மா. தெரியாது என்று சொல்லித்தான் கேட்கிறேன். போடாவிட்டால் இந்த மாதம் தாங்குவது கஷ்டம்." கெம்பம்மா டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "போட்டா எந்திரிச்சு வந்துருவாரா?" என்றார். "சொல்ல முடியாது." பிறகு பெருவிரலை மையில் தொட்டுக் காகிதத்தில் வைத்தார்.

அந்த ஊசியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து நரம்புக்குள் போனதும் வலிப்பு வந்துவிடாது. நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் எதையோ பார்க்கிறார். தரை பிளந்து உள்ளே போகிறவர் மாதிரி கண் விரியும். பிறகுதான் உடம்பு வில்லாக வளையும். பல்லுக்கு நடுவே துணிச்சுருள் வைத்துப் பிடிப்பது என் வேலை. தோளும் இடுப்பும் அந்தோணியண்ணனும் இன்னொருவரும். முதல் ஊசிக்கு மாதப்பன் கட்டை மாதிரி படுத்திருந்தார். முடிந்ததும் மாலை வரை தூங்கினார். எந்த மாறுதலும் இல்லை.

இரண்டாவது ஊசி மூன்று நாள் கழித்து. ஊசி வைத்த தட்டை மூடியிருந்த துணியை எடுத்தபோது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மாதப்பனின் கை. நகம் பதிந்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தைவிட அதிகமாக ஆச்சரியம் அவர் முகத்தில்.

"செத்தவனுக்கும் பயம் வருதே தம்பி. இது எப்படி?"

சத்தம்

மூன்றாவதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். நான்காவதன்போதுதான் அது நடந்தது. உடம்பு வளைந்த வேகத்தில், முதுகிலிருந்து ஒரு சத்தம். பச்சைக் குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. எனக்குக் கேட்டது. சுற்றி நின்றவர்கள் ஒருவரும் முகத்தை மாற்றவில்லை. ஒரு தடவை சொல்லாமல் இருந்து பார்த்தவன் நான். இந்தத் தடவை வலிப்பு அடங்குவதற்குள் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை இரண்டு காரியம் ஒன்றாக நடந்தன. மாதப்பன் கண் விழித்து, களி இருக்கிறதா என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்ததும் உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "முதுவுல யாரோ உளிய வச்சுட்டாங்க" என்றார். படுத்தபடியே ஒரு உருண்டை களியையும் தின்றார். நான் ஊட்டினேன், அவர் மென்றார். கீழே வழியவில்லை. போஸ்ட்மாஸ்டர் எண்ணிக்கொண்டே இருந்தார், பதினேழு வாய். டாக்டர் முதுகை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மீதி மருந்துக் குப்பிகளைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பூட்டும்போது என் பக்கம் பார்க்காமலே பேசினார்.

"சத்தம் எனக்கும் கேட்டது. கேட்காத மாதிரி இருக்க முடியுமா என்று பார்த்தேன்."

கொழுந்தனார் வந்து பார்த்தது

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் முதுகெலும்பு கூடுவதற்காக மாதப்பனுக்குப் பலகைப் படுக்கை. ஆனால் ஆள் திரும்பிவிட்டார். தன் எருதுகளைப் பற்றிக் கேட்டார். ஊரில் மழை பெய்ததா என்று கேட்டார். அந்தோணியண்ணனிடம் புகையிலை கேட்டுத் திட்டு வாங்கினார். செத்துப்போனதாக நினைத்ததைப் பற்றி நான் ஒரு நாள் மெல்ல எடுத்தேன். "அப்படியா சொன்னேன்?" என்று வெட்கப்பட்டார். அறுத்தது யார் என்பது ஞாபகம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஆனி பிறந்ததும் அவருடைய தம்பி, கெம்பம்மாவின் கொழுந்தனார், அவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியோடு வந்தார். அண்ணனைக் கூட்டிப்போக என்று சொன்னார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதப்பன் எழுந்தார். பத்தடி நடந்தார். குனிந்து செருப்பை எடுக்கப் பார்த்தபோது முகம் கறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். குனிகிற வேலை இனி ஒரு வருஷத்துக்குக் கூடாது, பிறகும் சந்தேகம்தான் என்று டாக்டர் சொன்னார். தம்பிக்காரர் செருப்பை எடுத்து அண்ணன் காலில் மாட்டிவிட்டார். அதை அன்போடுதான் செய்தார். கெட்டவர் இல்லை, நாலு பிள்ளைகள் அவருக்கு. அண்ணனை வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துவிட்டு, கெம்பம்மா பக்கம் திரும்பினார்.

"அண்ணன் வூட்டுல இருக்கட்டும் அண்ணி, கஞ்சி நான் ஊத்தறேன். ஆனா குனிய முடியாதவரு ஏர் ஓட்ட மாட்டாருங்கறது இப்ப ஊருக்கே தெரியும்."

ஆடி

ஆடி நடுவில் டாக்டர் ஒரு புட்டி முதுகுத் தைலத்தைக் கொடுத்து என்னை அனுப்பினார். பாலக்கோடு போன ஒரு வண்டியில் ஏறிப்போய் இறங்கி, வழி கேட்டு நடந்து போனேன். முந்தின நாள் ஒரு தூறல் போட்டிருந்தது. ஊர்க்கோடியில் கூட்டம். வரப்பில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கொழுந்தனாரும் இருந்தார். நிலத்துக்குள் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மேழியைப் பிடித்திருந்தவர் கெம்பம்மா. நம் பக்கத்தில் பெண் ஏர் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மழை போய்விடும் என்பார்கள். வரப்பில் நின்ற ஒரு கிழவர் காறித் துப்பினார். இன்னொருவர், "இது ஏரே இல்ல, கணக்குல வராது" என்றார். கொழுந்தனார் வரப்பிலேயே நின்றார். நிலத்துக்குள் கால் வைக்கவில்லை. அண்ணி ஏர் ஓட்டுகிற நிலத்தில் போய் நின்று என்னுது என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை.

வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். அதில் படுத்திருந்தபடி மாதப்பன் கத்திக்கொண்டிருந்தார்: "கோடு கோணலாப் போவுது பாரு. எருதப் பார்க்காத, அந்தக் கரட்டுக் குன்றப் பாரு. ஏய் கெம்பி, ஒனக்குக் கண்ணு எங்க இருக்குது?" அத்தனை பெரிய குரல் அவருக்குள் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. தைலத்தைக் கொடுத்தேன். வாங்கித் தலைமாட்டில் வைத்தார். "எடது எருது சோம்பேறி தம்பி, அவளுக்குத் தெரியல" என்றார். ஏர் வரப்பு ஓரம் வந்து திரும்பியது. கெம்பம்மாவின் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. கால்வாசி நிலம்தான் முடிந்திருந்தது. நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்களே அக்கா" என்றேன். அவர் கிழவர் துப்பிய இடத்தைப் பார்த்தார்.

"துப்பட்டும் தம்பி. காஞ்ச நெலந்தானே."

பங்களாவுக்குத் திரும்பி வந்ததும் நோயாளிப் புத்தகத்தில் மாதப்பன் பெயருக்கு நேரே 'குணம்' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்; அந்த முதுகுக்குப் பொருந்தும்படி அதைவிடச் சின்னதாகவும், அந்தக் குரலுக்குப் பொருந்தும்படி அதைவிடப் பெரிதாகவும் ஒரே வார்த்தை அகப்படாததால் இன்றுவரை அது அப்படியே இருக்கிறது.